வாஷிங் மெஷின் நாற்றமும் ஒரு வேதியியல் வாத்தியாரும்

போன மாதம் அரியலூரில் ஒரு கல்யாணம். முதல் பந்தி முடிந்து, ஓய்வு பெற்றவர்கள் நாலைந்து பேர் மண்டப வாசலில் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பேச்சு பென்ஷன், சர்க்கரை, முழங்கால் வலி என்று சுற்றிவிட்டு வாஷிங் மெஷினில் வந்து நின்றது. ஒருவர் சொன்னார்: "இருபத்தஞ்சாயிரம் குடுத்து வாங்கினேன். துவைச்ச துணியே நாறுது. இந்தக் காலத்துப் பொம்பளைங்களுக்கு ஒரு மெஷினக்கூட ஒழுங்கா வெச்சுக்கத் தெரியல சார்." மற்றவர்கள் தலையாட்டினார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. வாயில் வெற்றிலை இருந்தது ஒரு சாக்கு.

பெரம்பலூர் திரும்பும் பஸ்ஸில் அது உறுத்திக்கொண்டே வந்தது. ஏனென்றால் அதே பேச்சை என் வீட்டிலும் ஒருவன் பேசியிருக்கிறான். அவன் நான்தான். மண்டபத்தில் சொல்லாமல் விட்டதை இங்கே சொல்லிவிடுகிறேன். படிக்கும்போது கோபமாக எழுதியிருக்கிறேன் என்று தோன்றினால், அதில் பாதிக் கோபம் என் மேல்தான்.

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். மெஷின் நாறினால் அதற்கு வீட்டுப் பெண்கள் காரணம் இல்லை. பெரும்பாலும் மெஷினும் காரணம் இல்லை. ஈரத்தோடு அடைத்து மூடுகிற பழக்கமும், நுரை வந்தால்தான் அழுக்கு போகும் என்ற நம்பிக்கையும், நம் ஊர் போர் தண்ணியும் சேர்ந்து செய்கிற வேலை அது. இந்த மூன்றில் தண்ணி ஒன்றுதான் நம் கையில் இல்லாதது.

நான் 2014-ல் ஓய்வு பெற்றேன். வந்த பணத்தில் முதலில் வாங்கியது மேலே மூடி திறக்கும் தானியங்கி வாஷிங் மெஷின். வீட்டம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். துவைகல்லில் குனிந்து நிமிர முடியவில்லை. அதற்காகத்தான் வாங்கினோம். அதோடு ஒரு பிளாஸ்டிக் உறையும் வந்தது, பூப்போட்டது, ஜிப் வைத்தது.

வீட்டு வேலையில் நானும் பங்கெடுத்துக்கொள்கிறேன் பேர்வழி என்று ஒரு பொறுப்பை ஏற்றுக்கொண்டேன். சலவை முடிந்ததும் துணியை வாளியில் எடுத்து மாடியில் காயப்போடுவது. அதற்கு முன் மெஷினின் மூடியைச் சாத்தி, உறையை மாட்டி, ஜிப்பை இழுத்துவிடுவது. வகுப்பு முடிந்ததும் கரும்பலகையைத் துடைத்துவிட்டுக் கிளம்புகிற ஆள் நான். எதையும் திறந்து போட்டுவிட்டுப் போவது எனக்குப் பிடிக்காது.

இரண்டாவது வருஷம் மழைக்காலத்தில் நாற்றம் ஆரம்பித்தது. துண்டில்தான் முதலில் தெரிந்தது. காய்ந்த துண்டு நன்றாக இருக்கும். முகம் துடைத்து ஈரம் பட்டதும் பழைய சாக்குப் பை போல ஒரு வாடை அடிக்கும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒரு மெஷினு வாங்கிக் குடுத்தா அதக்கூடச் சுத்தமா வெச்சுக்க மாட்டியா?" அவள் பதில் பேசவில்லை. மறுநாளிலிருந்து ஒரு மூடிக்குப் பதில் இரண்டு மூடி சோப்புத்தூள் போட்டாள். அப்புறம் வாசனைத் திரவம் வாங்கிவந்து ஊற்றினாள். நாற்றம் கூடியது. நானும் இன்னும் இரண்டு முறை அதே வசனத்தைப் பேசினேன்.

அதன்பின் ஒரு நாள் மத்தியானம் கொல்லைப்புறம் போனபோது பார்த்தேன். அவள் துவைகல்லில் தன் புடவையைக் கும்மிக்கொண்டிருந்தாள். ஒரு கை சுவரைப் பிடித்திருந்தது. கேட்டதற்கு, "உங்க துணிய மெஷின்ல போட்டுட்டேன். எம்பொடவைய நான் கையில தொவச்சிக்கறேன். நாத்தம் அடிச்சா எனக்குத்தான பேரு கெடுது" என்றாள். மூன்று மாதமாக அப்படித்தான் நடந்திருக்கிறது. முழங்காலுக்காக வாங்கிய மெஷின் வீட்டில் நிற்க, அந்த முழங்காலோடு அவள் துவைகல்லுக்குத் திரும்பிப் போயிருக்கிறாள். நாற்றத்தைச் சின்ன விஷயம் என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஆள் கூப்பிட்டேன். வந்தவர் மூடியைத் திறந்து ஒரு முறை முகர்ந்தார், 450 ரூபாய் வாங்கினார், ஒரு பொடிப் பாக்கெட் கொடுத்து மாதாமாதம் போடச் சொன்னார். இரண்டு வாரம் நன்றாக இருந்தது. பிறகு பழையபடி. பக்கத்து வீட்டில், "தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கிடுங்க சார்" என்றார்கள். வாங்கவும் தயாராகிவிட்டேன்.

அதற்குள் இன்னொரு மெக்கானிக் வந்தார். "சார், என்னத் தெரியலயா? உங்ககிட்ட பிளஸ் டூ படிச்சவன் சார்" என்றார். நினைவுக்கு வந்தது. வேதியியலில் தட்டுத்தடுமாறி 70-ஐத் தொட்ட பையன். மெஷினைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு, டப்பின் அடியில் சுழலுமே அந்தத் தட்டு, அதைத் திருப்புளியால் கழற்றித் தூக்கினார். அடியில் சாம்பல் நிறத்தில் கெட்டியான கூழ். அதைச் சுற்றி வெள்ளையாகப் பொருக்கு. விரலால் சுரண்டி என்னிடம் நீட்டினார். "கெண்டியில படியும்னு நீங்கதான சார் சொல்லிக் குடுத்தீங்க."

அப்புறம் கேட்டார்: "ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க சார். மெஷின மூடி இந்தக் கவர மாட்றது யாரு?"

அடுப்படி வாசலில் வீட்டம்மா நின்றுகொண்டிருந்தாள். வாயைத் திறக்கவில்லை. "நான்தாம்ப்பா" என்றேன்.

முப்பது வருஷத்துக்கு மேல் கடின நீர் பாடம் நடத்தியவன் நான். பிளஸ் ஒன்னில் ஹைட்ரஜன் பாடத்தோடு சேர்ந்து வரும். கால்சியம், மெக்னீசியம் உப்புகள் கரைந்திருந்தால் கடின நீர். பைகார்பனேட்டாக இருந்தால் தற்காலிகக் கடினத்தன்மை, காய்ச்சினால் போய்விடும். சல்பேட்டாக, குளோரைடாக இருந்தால் நிரந்தரக் கடினத்தன்மை, சலவை சோடா போட்டு நீக்கலாம். எத்தனை நூறு பிள்ளைகளுக்கு எழுதிப்போட்டிருப்பேன்! பாடத்தின் பெயரிலேயே சலவை இருக்கிறது. அது என் வீட்டுச் சலவைக்கும் பொருந்தும் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை.

நம் ஊர்த் தண்ணியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1995-ல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது, 2007-ல் பெரம்பலூரிலிருந்து அரியலூர் பிரிந்தது. பூமிக்கு அடியில் இந்த எல்லைகள் கிடையாது. மேற்கே பச்சைமலைப் பக்கம் கருங்கல் பாறை. கிழக்கே வர வர, ஒரு காலத்தில் கடலாக இருந்து மேடான நிலம். சாத்தனூர் கல்மரத்தைப் பள்ளிப் பிள்ளைகளோடு போய்ப் பார்க்காதவர் நம்மில் குறைவு. வாரணவாசியில் புதைபடிம அருங்காட்சியகம் இருக்கிறது. கல்லங்குறிச்சிச் சுரங்கத்தில் சிப்பிகள் அடுக்கடுக்காகக் கல்லாகிக் கிடக்கின்றன. அந்தச் சிப்பிகளின் ஓடுதான் சுண்ணாம்புக்கல். அதை நம்பித்தான் அரியலூரைச் சுற்றி இத்தனை சிமெண்டு ஆலைகள். ஆலைக்கு லாரியில் போகிற அதே சுண்ணாம்பு, மழைத் தண்ணியில் கரைந்து நம் வீட்டு போர் வழியாகவும் மேலே வருகிறது. கெண்டியில் வெள்ளைப் படிவு, குழாய் வாயில் பூத்த உப்பு, ஷவரில் அடைந்த ஓட்டை எல்லாம் அதன் வேலைதான்.

குடிநீருக்கான இந்தியத் தர அளவு, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது. வேறு தண்ணி கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். உங்கள் வீட்டு போரில் 600 இருக்கிறது என்று வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடுவோம். மேல்மூடி மெஷின் ஒரு தடவை துவைத்து அலச 100 லிட்டர் தண்ணி எடுக்கிறது என்றால், 60 கிராம் சுண்ணாம்புக்குச் சமமான உப்பு உள்ளே போகிறது. வாரம் மூன்று சலவை என்றால் வருஷத்துக்கு 9 கிலோவுக்கு மேல். பெரும்பகுதி சாக்கடையோடு போய்விடும். நூறில் ஒரு பங்கு தங்கினாலும் வருஷத்துக்கு 90 கிராம் சுண்ணாம்பு மெஷினுக்குள் இருக்கிறது.

சுண்ணாம்புக்கு நாற்றம் கிடையாதே என்பீர்கள். சரிதான். ஆனால் அது சொரசொரப்பாக இருக்கும். அந்தச் சொரசொரப்பில் சோப்புக் கசடு ஒட்டும். கசடோடு துணி நூல், தலைமுடி, உடம்பு எண்ணெய் எல்லாம் சேரும். அதற்கு ஈரமும் இருட்டும் கிடைத்தால் கிருமி குடியேறும். வழவழவென்று ஒரு படலம் கட்டிக்கொண்டு அதற்குள் சௌகரியமாக வாழும். நாற்றம் அதனுடையது. துவைத்த துண்டில் வரும் அந்த ஈர வாடைக்குக் காரணம் மொராக்செல்லா ஒஸ்லோயென்சிஸ் என்ற நுண்ணுயிரி என்று 2012-ல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் கண்டு எழுதினார்கள். காய்ந்த துணியிலும் அது சாகாமல் கிடக்கும். மறுபடி ஈரம் பட்டதும் வேலையைத் தொடங்கும். முகம் துடைக்கும்போது மட்டும் என் துண்டு ஏன் நாறியது என்பதற்கு விடை இதுதான்.

நாற்றம்தானே, பொறுத்துக்கொள்ளலாம் என்பவர்களுக்கு இன்னொரு செய்தி. ஜெர்மனியில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில், பிறந்த குழந்தைகளின் உடம்பில் மருந்துக்கு எளிதில் அடங்காத ஒரு கிருமி திரும்பத் திரும்பத் தென்பட்டது. எங்கிருந்து வருகிறது என்று தேடித் தேடிக் கடைசியில் கண்டுபிடித்தது ஒரு வாஷிங் மெஷினை. வீடுகளில் வைத்திருப்பது போன்ற சாதாரண மெஷின். அதன் கதவு ரப்பரிலும் சோப்புத்தூள் போடும் டிராயரிலும் கிருமி இருந்தது. குழந்தைகளின் குல்லாவும் காலுறையும் அதில்தான் துவைக்கப்பட்டிருந்தன. நல்ல வேளையாக எந்தக் குழந்தைக்கும் நோயாகவில்லை. மெஷினை அப்புறப்படுத்தியதும் பிரச்சினை நின்றது. 2019-ல் பான் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இதை எழுதினார்கள். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. நம் வீடு ஆஸ்பத்திரி இல்லை, திடமான ஆட்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் கைக்குழந்தையும், ஆறாத புண்ணோடு சர்க்கரை நோயாளியும் இருக்கிற வீடுகள் நம் தெருவிலேயே எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

இனி, நாம் நம்பிக்கொண்டிருக்கிற தப்புகளுக்கு வருகிறேன்.

முதல் தப்பு அந்த உறை. தூசி விழாமல் காப்பதற்கு என்று வாங்கி, ஈரத்தை வெளியே விடாமல் காக்கிறோம். சலவை முடிந்த டப்புக்குள் எப்போதும் ஈரம் இருக்கும், அடியில் கொஞ்சம் தண்ணியும் நிற்கும். மூடி, உறை போட்டு, ஜிப் இழுத்தால் அடுத்த சலவை வரை அது காயாது. நம் ஊர் வெயிலுக்கு மூடியைத் திறந்து வைத்தால் அரை நாளில் டப் காய்ந்துவிடும். சித்திரை வெயிலைத் திட்டிக்கொண்டே, அது இலவசமாகச் செய்து தரும் வேலைக்குப் பூட்டுப் போடுகிறோம்.

இரண்டாவது, நுரை. நம் தலைமுறைக்கு நுரை என்றால் சுத்தம். உப்புத் தண்ணியில் சோப்பு நுரைக்காது. அதனால் இன்னொரு கை அள்ளிப் போடுவோம். கடின நீருக்குச் சோப்புத்தூள் கொஞ்சம் கூடத் தேவை என்பது உண்மை. பாக்கெட்டிலேயே அந்த அளவு போட்டிருக்கும். ஆனால் நுரையைப் பார்த்து அளக்கக் கூடாது. மெஷினுக்கென்று விற்கும் தூள் குறைவாக நுரைப்பதற்கென்றே செய்தது. கைச்சலவைத் தூளை மெஷினில் கொட்டினால் நுரை டப்புக்கு வெளியே போய், கை எட்டாத இடத்தில் படிந்து காயும். மேலுக்கு ஊற்றும் வாசனைத் திரவமும் அப்படித்தான். அது வழவழப்பைக் கொடுக்கும் ஒரு பூச்சு. டப்பிலும் கொஞ்சம் பூசிக்கொள்ளும். நாற்றத்துக்கு வாசனை ஊற்றுவது கிருமிக்குச் சோறு போடுவதில்தான் முடிகிறது.

மூன்றாவது, செல்போனில் சுற்றும் வைத்தியம். சமையல் சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கொட்டச் சொல்வார்கள். பொங்கும், பார்க்க நன்றாக இருக்கும். ஒன்று காரம், ஒன்று அமிலம். இரண்டும் சேர்ந்தால் ஒன்றையொன்று தீர்த்துவிட்டு, மிச்சம் உப்புத் தண்ணியும் கரியமில வாயுவும்தான். பத்தாம் வகுப்புப் பிள்ளை சொல்லும் இதை. தனித்தனியாகப் போட்டால் இரண்டுக்கும் வேலை உண்டு. சேர்த்துப் போட்டால் காசுக்குக் கேடு.

நான்காவது, பிளீச்சிங் பவுடர். அது சுண்ணாம்பிலிருந்து செய்வது. கரையாத சுண்ணாம்பு அதில் எப்போதும் இருக்கும். சுண்ணாம்பை எடுக்கச் சுண்ணாம்பையே கொட்டுவது என்ன நியாயம்? அதைவிட முக்கியமாக ஒன்று: பிளீச்சிங் பவுடரோ பிளீச் திரவமோ எந்த அமிலத்தோடும் சேரக் கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு வரும். நுரையீரலுக்கு விஷம். மூடிய குளியலறையில் இந்த விளையாட்டு வேண்டாம்.

ஐந்தாவது தப்பு, எல்லாவற்றுக்கும் கடைசி மருந்தாகப் புது மெஷின் வாங்குவது. பழைய பழக்கமும் பழைய தண்ணியும் புது மெஷினுக்கும் கூடவே வரும். இரண்டே வருஷத்தில் அதுவும் நாறும். 2021 சட்டமன்றத் தேர்தலில் அ.தி.மு.க. அறிக்கையில் ரேஷன் அட்டைக்கு ஒரு வாஷிங் மெஷின் என்று இருந்தது ஞாபகம் இருக்கலாம். ஒருவேளை வந்திருந்தால், பூப்போட்ட உறை விற்பவர்களுக்குத்தான் நல்ல காலம்.

இந்த இடத்தில் யாராவது, "அந்தக் காலத்து வெள்ளாவிக்கு ஈடாகுமா சார்" என்று ஆரம்பிப்பார்கள். சின்ன வயதில் மருதையாற்றங்கரையில் வெள்ளாவி வைப்பதைப் பார்த்தவன் நான். உவர்மண் கரைத்த தண்ணியில் துணியை முக்கி, பானை மேல் அடுக்கி, கீழே தீ மூட்டுவார்கள். விடிய விடிய ஆவியில் வேகும். காலையில் ஆற்று மணலில் விரித்துவிடுவார்கள். இப்போது யோசித்தால், அதில் இருந்தது மூன்று விஷயம்: காரம், சூடு, வெயில். உவர்மண்ணில் இருப்பதும் சலவை சோடாவும் ஒரே இனம்தான். துணியில் வாடை வராததற்கு அதுதான் காரணம். ஆனால் "அந்தக் காலம் பொற்காலம்" என்று நான் சொல்ல மாட்டேன். அந்த வேலையைச் செய்தவர்கள் வாசலில் நின்று சோறு வாங்கிப் போனதையும் அதே கண்ணால் பார்த்திருக்கிறேன். வருஷம் முழுக்க உழைத்துவிட்டுக் களத்தில் நெல்லுக்குக் காத்து நின்றார்கள். மெஷின் வந்தது நல்லதுதான். அவர்கள் கையில் இருந்த அறிவு மட்டும் நமக்கு வேண்டும்: சூடு காட்டு, வெயில் காட்டு, காயவிடு.

சரி, என்ன செய்ய வேண்டும்? நான் செய்வதைச் சொல்கிறேன்.

ஒவ்வொரு சலவைக்குப் பிறகும் துணியை உடனே எடுத்துவிடுகிறேன். ராத்திரி போட்டுவிட்டுக் காலையில் எடுக்கும் வேலை இல்லை. மூடி திறந்தே இருக்கும். தூள் போடும் டிராயரும் பாதி வெளியே இழுத்தபடி இருக்கும். நூல் சேரும் வலைப்பையை உள்வெளியாகத் திருப்பி அலசி மாட்டுகிறேன். ஐந்து நிமிஷம் ஆகாது.

மாதம் ஒரு முறை, துணி இல்லாமல், சூடான தண்ணியில் இரண்டு கை சலவை சோடா கரைத்து ஓடவிட்டு, ஒரு மணி நேரம் ஊறவைத்து வடிக்கிறேன். எண்ணெயும் கசடும் இதற்குத்தான் அசையும். தண்ணி கை பொறுக்கும் சூட்டுக்குச் சற்று மேலே இருந்தால் போதும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பிளாஸ்டிக்கும் ரப்பரும் கெடும். நம் வயதுக்காரர்கள் வெந்நீர் வாளியைத் தூக்க வேண்டாம், சொம்பில் மொண்டு ஊற்றுங்கள். மெஷினிலேயே சூடேற்றும் வசதி இருந்தால் 60 டிகிரி வைத்தால் வேலை முடிந்தது.

இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, வேறொரு நாளில், 100 கிராம் எலுமிச்சை உப்பு. சிட்ரிக் ஆசிட் என்று மளிகைக் கடையிலேயே கேட்கலாம். வெதுவெதுப்பான தண்ணியில் கரைத்து, ஓடவிட்டு, ஒரு மணி நேரம் ஊறவைத்து, அப்புறம் வெறும் தண்ணியில் ஒரு முறை அலசுகிறேன். இது சுண்ணாம்புக்கான மருந்து. அந்த 450 ரூபாய்ப் பாக்கெட் செய்த வேலையைச் சில பத்து ரூபாயில் இது செய்துவிடுகிறது. இந்தச் சுத்தத்துக்குக் கொள்ளிடத் தண்ணி வரும் நாளாகப் பார்த்துக்கொள்கிறேன், அல்லது மழைத் தண்ணி. 2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது வேண்டாவெறுப்பாக வைத்த குழாய் இப்போது உதவுகிறது. மழைத் தண்ணியைவிட மென்னீர் எது?

தண்ணி உள்ளே வரும் குழாயின் வாயில் பொத்தான் அளவு ஒரு சல்லடை இருக்கும். குழாயை அடைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதையும் வருஷத்துக்கு இரண்டு முறை எடுத்துத் தேய்க்க வேண்டும். "மெஷினுக்குத் தண்ணி மெதுவா ஏறுது" என்ற புகாரில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

முன்பக்கம் கதவு உள்ள மெஷின் என்றால் இரண்டு இடம் கூடுதல். ஒன்று கதவைச் சுற்றியுள்ள ரப்பர். அரியலூரில் மகள் வீட்டில் அப்படிப்பட்ட மெஷின்தான். பேரன் துணியில் வாடை என்று அங்கேயும் புகார். சம்பந்தியம்மா மகளைப் பார்த்தார், மகள் வேலைக்கு வரும் அம்மாவைப் பார்த்தாள். நான் ரப்பரின் மடிப்பை விரலால் இழுத்துப் பார்த்தேன். உள்ளே கறுப்புப் பூஞ்சை, இரண்டு ஹேர்பின், ஒரு ரூபாய்க் காசு, குழந்தையின் ஒற்றைக் காலுறை. ஒவ்வொரு சலவைக்குப் பிறகும் அந்த மடிப்பை உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். இன்னொரு இடம், கீழ் மூலையில் சின்னக் கதவுக்குள் இருக்கும் பம்ப் பில்டர். அடியில் ஒரு தட்டை வைத்துவிட்டுத் திருகித் திறந்தால் நிற்கும் தண்ணி வடியும். மாதம் ஒரு முறை போதும். மகள் வீட்டில் அப்படி ஒரு கதவு இருப்பதே அதுவரை யாருக்கும் தெரியாது. கூடவே வந்த கையேடு ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருந்தது. தமிழ்நாட்டில் விற்கும் பொருளுக்குத் தமிழில் நாலு பக்கம் எழுதித் தர முடியாதா?

திறந்து வைக்கச் சொன்னால் மறுப்புகள் வரும். நியாயமானவைதான். "எலி புகுந்து ஒயரக் கடிக்குது சார்." எலி போவது அடிப்பக்கம், மேல் மூடி வழியாக இல்லை. அடியில் வலை அடியுங்கள். "சுண்ணாம்புக்கல் லாரி போற ரோடு, தூசி கொட்டுது." மெல்லிய பருத்தித் துண்டை மேலே விரித்துவிடுங்கள். காற்றுப் போகும், தூசி நிற்கும். பழைய வேட்டி ஒன்று போதாதா? "வீட்ல சின்னப் புள்ள இருக்கு." இது ஒன்றைத்தான் நான் முழுக்க ஒப்புக்கொள்வேன். முன்கதவு மெஷினுக்குள் குழந்தை ஏறிவிடும் ஆபத்து உண்மை. அந்த வீட்டில் ஆள் இருக்கும்போது ஒரு மணி நேரம் திறந்து வைத்துத் துடைத்துவிட்டு, பிறகு சாத்திவிடுங்கள். பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். குழந்தையைவிட மெஷின் பெரிதில்லை.

கடைசியாக, கல்யாண மண்டபத்தில் சொல்லாமல் விட்டது. ஓய்வு பெற்ற ஆண்பிள்ளைகளுக்குக் காலையில் பேப்பர் படித்த பிறகு என்ன வேலை? முப்பது வருஷம் ஆபீஸில் கோப்பைப் பராமரித்தோம், பைக்கைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டோம். வீட்டில் ஓடும் மெஷின் மட்டும் "அவங்க டிபார்ட்மெண்ட்". அதில் நாற்றம் வந்தால் தீர்ப்புச் சொல்ல மட்டும் வருவோம். திருப்புளி பிடிக்கத் தெரிந்த கைதானே? வலைப்பையைத் திருப்பி அலசினால் என்ன குறைந்துவிடும்? குறை சொல்வதற்கு முன் ஒரே ஒரு முறை அந்த மூடியைத் திறந்து, குனிந்து, உள்ளே கையை விட்டுப் பாருங்கள்.

எங்கள் மெஷினுக்கு இப்போது பத்து வயது தாண்டிவிட்டது. அதே மெஷின்தான். அந்தப் பூப்போட்ட உறையை அன்றைக்கே மெக்கானிக் முன்னால் கழற்றினேன். வீட்டம்மா அதை வீணாக்கவில்லை, அரிசி மூட்டைக்குப் போட்டு வைத்திருக்கிறாள். மன்னிப்புக் கேட்டாயா என்று நீங்கள் கேட்கலாம். கேட்டேன். "அத விடுங்க, மொதல்ல மூடியத் தெறந்து வைங்க" என்றாள். அன்றிலிருந்து திறந்துதான் இருக்கிறது. அவள் புடவைகளும் அதில்தான் துவைகின்றன.